கணக்கில் ஏறாத உலக்கை

சிறுதானியங்களின் பெருமையைப் பேசாத மேடை இந்நாளில் இல்லை. இந்திய அரசாங்கம் 2018-ஆம் ஆண்டைத் தேசியச் சிறுதானிய ஆண்டு என அறிவித்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அவ்வாண்டுகள் கடந்த பின்னும் பேச்சு ஓயவில்லை. ஓய வேண்டுமென்று நாம் விரும்பவுமில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கு அதனால் நன்மையே உண்டு. ஆயினும் அப்பேச்சுகளின் முடிவில் தவறாமல் வந்து சேரும் உபதேசம் ஒன்று இருக்கிறது. நம் பாட்டிமார் சாமைச் சோறு ஊட்டிப் பிள்ளைகளைத் திடமாக வளர்த்தார்களாம். இக்காலத்துத் தாய்மார்கள் சோம்பலினால் அரிசியையும் பிஸ்கோத்தையும் கொடுத்துக் கெடுக்கிறார்களாம். கேட்பவர்கள் கை தட்டுகிறார்கள். தட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதை நாம் கவனித்திருக்கிறோம்.

இந்த உபதேசத்தை நாம் ஒப்பவில்லை. கொல்லிமலையில் சாமை வந்த வழியையும் போன வழியையும் அறிந்தவர் எவரும் ஒப்பமாட்டார்.

சாமைச் சோறு உலையேறுமுன் என்னென்ன நடக்க வேண்டும் என்பதை, உண்டு மட்டுமே பழகிய அங்கத்தினர்களுக்காக ஈண்டுச் சற்று விரித்துச் சொல்லுகிறோம். தொம்பையில் கிடக்கும் சாமை உமியோடு கூடியது. கடுகளவே உள்ள மணி. அதனை உமி இறுகப் பற்றியிருக்கும். முதலில் அதனை வெயிலில் காய வைக்க வேண்டும். மூட்டமும் சாரலும் மிகுந்த மலையில் வெயில் கேட்டபோது கிடைப்பதன்று. காய்ந்ததை உரலில் இட்டுக் குத்த வேண்டும். அல்லது கல் திருகையில் இட்டுச் சுற்ற வேண்டும். பின்னர் முறத்தில் இட்டுப் புடைத்தால் ஒரு பகுதி உமி நீங்கும். உமி கழலாத மணிகள் அரிசியோடு கலந்து நிற்கும்; அவற்றைச் சலித்துப் பிரித்து மறுபடி உரலுக்கு அனுப்ப வேண்டும். மறுபடி புடைக்க வேண்டும். நொய் வேறு, தவிடு வேறு, அரிசி வேறாகப் பிரித்த பின்னும் கல் களைய வேண்டும். மணி சிறிதாதலின் மணலும் அதன் அளவாகவே இருக்கிறது.

இவ்வளவையும் ஒருநாள் செய்து முடித்துவிட்டு ஓராண்டுக்கு நிம்மதியாக இருக்கலாமா என்றால், அதுவும் இயலாது. உமியோடு இருக்கும்வரை சாமை பல ஆண்டு கெடாது. அதனாலேயே முன்னோர் அதனைப் பஞ்ச காலத்துக் காவலாக வைத்திருந்தனர். உமி நீங்கிவிட்டாலோ, தவிட்டிலுள்ள எண்ணெய்ப் பசை சிக்கு வாடை கொண்டுவிடும்; வண்டும் விழும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குத்தியே தீர வேண்டும். ஆண்டு முழுவதும் உலக்கை ஓய்வதில்லை என்பது இதன் பொருள். கேழ்வரகுக்கு இத்தொல்லை இல்லை. அதன் மேலுறை கதிரடிக்கும்போதே பெரும்பாலும் நீங்கிவிடுகிறது; மாவாக அரைத்தால் போதும். மாவரைக்கும் பொறி எங்கும் வந்துவிட்ட பின்னர் கேழ்வரகு மலை வீடுகளில் சாமையைக் காட்டிலும் நெடுநாள் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். இரண்டும் சிறுதானியங்களே, இரண்டையும் சமைத்தவள் ஒரே தாய்தான். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கைவிட்டாள் என்றால், அதற்குச் சோம்பல் என்று பெயரிடுதல் தகுமா?

அவள் உலக்கை பிடித்த நேரத்தில் குழந்தை எங்கே இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். மூத்த பெண்ணின் இடுப்பில் இருந்தது. தம்பியையோ தங்கையையோ சுமந்துகொண்டு நின்ற அந்தச் சிறுமி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை; அல்லது பாதி நாள் போனாள். பாட்டிமார் காலத்துத் திடத்தைப் பாராட்டுவோர், அக்காலத்துப் பெண்மக்களில் கையெழுத்திடத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நலம். சாமையைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி அந்த உலக்கையையும் அப்படியே திரும்பக் கொண்டுவந்தால், அதன் பாரம் மறுபடியும் அச்சிறுமியின் படிப்பின்மீதே விழும். நாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கு முதற் காரணம் இவ்வச்சமே.

இனி, சாமை போன வழி. கொல்லிமலையில் பள்ளக்கால்களில் நெல்லும் மேட்டுக்காடுகளில் சாமை, தினை, கேழ்வரகும் விளைந்து வந்தன. சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை எனப் பல வகைகளை மலையாளிப் பழங்குடி மக்கள் காத்து வந்தனர். கீழ்நாட்டில், சேலத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜவ்வரிசித் தொழில் வேரூன்றியது. ஆலைகள் பெருகின, 1981-ஆம் ஆண்டில் ஆலைக்காரர்களுக்கென்றே சேகோசர்வ் என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டியிருந்தது. மரவள்ளி மலையேறியது, சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாயின.

மரவள்ளியை நாம் பழிக்க முன்வரவில்லை. மொத்தமாகப் பணம் தரும் பயிர் அது. அப்பணத்தில் கூரை வீடுகள் ஓட்டு வீடுகளாயின. பிள்ளைகள் கீழ்நாட்டுக் கல்லூரிகளுக்குப் போயினர். ஆனால் மேட்டுக்காட்டில் எதைப் பயிரிடுவது என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் வீட்டு ஆண்மக்கள். கிழங்கு லாரியில் ஏறிய அன்று பணம் வாங்கியவரும் அவர்களே. சாமை காட்டிலிருந்து மறைந்தது ஆண்மக்கள் செய்த முடிவினால். தட்டிலிருந்து மறைந்ததற்கு மட்டும் தாய்மார் பொறுப்பாளிகளா?

அதே காலத்தில் நியாயவிலைக் கடை அரிசி மலிந்தது. 2008-ஆம் ஆண்டில் கிலோ ஒரு ரூபாய் என்றானது. 2011 ஜூன் முதல் விலையின்றியே வழங்கப்பட்டது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அரிசி மேலே வந்தது. அதே பாதையில் கிழங்கு கீழே இறங்கியது. குத்த வேண்டாத, புடைக்க வேண்டாத, களைந்து உலையில் இட்டால் போதும் என்ற அரிசி வாசலுக்கு அருகில் வந்து நிற்கும்போது, காட்டு வேலை முடித்து இருட்டில் வீடு திரும்பும் ஒரு தாய் அதனை ஏற்றுக்கொண்டது அறிவுடைய செயலே. இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாத அவ்வேலைக்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகின்றனர் என்று தெரிய வந்தது. இது நாடு முழுமைக்குமான சராசரி. உரலும் விறகும் சுனை நீரும் உள்ள மலை வீட்டில் அது குறைவாக இருக்கும் என்று எண்ண இடமில்லை.

ஆயினும் குழந்தைகளின் நிலை கவலைக்குரியது என்பதை மறைக்க நாம் முயலவில்லை. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர். பெண்களில் நூற்றுக்கு 53 பேர். சோகைக்குக் காரணங்கள் பல; சாமை ஒன்றே அதற்கு மருந்தென்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆனால் தட்டில் வெள்ளை அரிசி ஒன்றே நிறைந்து, பருப்பும் கீரையும் பல்வகைத் தானியமும் குறைந்து போனால் பிள்ளையின் உடல் தேறாது என்பது எவரும் அறிந்தது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. முன்னர் மேட்டுக்காட்டில் சாமையோடும் கேழ்வரகோடும் அவரையும் துவரையும் கலந்து விளைந்தன. சாமை போனபோது அவையும் உடன் போயின.

இப்போது ஒரு புதிய நிலைமை. நகரத்தார் சாமையைத் தேடுகின்றனர். விலை ஏறியிருக்கிறது, சில குடும்பங்கள் மறுபடி சாமை விதைக்கின்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் விளைந்த சாமை முழுவதையும் விற்றுவிட்டு, வீட்டில் இலவச அரிசியையே பொங்குவது பல குடும்பங்களில் வழக்கமாகி வருகிறது. "சாமைக்கு நல்ல விலை, அரிசிக்கு விலையே இல்லை. விற்பதுதானே கணக்கு?" என்று கேட்பார்கள். பணக் கணக்கில் அது சரியே. அதனை மறுக்க நம்மிடம் வாதம் இல்லை. ஆனால் சேலத்திலும் சென்னையிலும் உள்ள குழந்தைகளுக்குச் சத்துணவாகும் தானியம், அதனை விளைவித்த வீட்டுக் குழந்தைக்கு விற்பனைச் சரக்காக மட்டும் இருக்கிறது. சோளக்காட்டுச் சந்தையிலிருந்து பலாவும் வாழையும் அன்னாசியும் கீழே இறங்க, பொட்டலம் பொட்டலமாகப் பிஸ்கோத்தும் வறுவலும் மேலே ஏறுகின்றன. தகப்பனார் சந்தையிலிருந்து திரும்பும்போது குழந்தை கையை நீட்டுகிறது. வெறுங்கையோடு திரும்ப மனம் வருமா? ஒரு சீப்பு வாழைப்பழத்தை அப்படியே வீட்டில் நிறுத்திக்கொண்டு எஞ்சியதைச் சந்தைக்கு எடுத்துச் சென்றிருந்தால் அந்தப் பொட்டலத்துக்குத் தேவையே இராது.

சாமைக்கும் அதுவே வழி. விற்பதற்கு முன் வீட்டுப் பங்கு. ஐந்து பேருள்ள குடும்பம் வாரத்தில் இரண்டு வேளை சாமைச் சோறு உண்பதாக வைத்துக்கொள்வோம். வேளைக்கு அரை கிலோ வீதம் வாரத்துக்கு ஒரு கிலோ. ஆண்டுக்கு 52 கிலோ. உமியோடு கணக்கிட்டால் ஏறக்குறைய 80 கிலோ. ஒரு மூட்டை, அதற்குச் சற்று மேல். இதனை முதலில் தொம்பையில் இட்டு மூடிவிட்டு எஞ்சியதை விற்பதால் எந்தக் குடும்பமும் தாழ்ந்துவிடாது. கொள்முதல் செய்யும் சங்கங்களும், மூட்டையை எடை போடும்போதே, "வீட்டுக்கு எவ்வளவு நிறுத்தினீர்கள்?" என்று கேட்கும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். கேட்பதற்குச் செலவில்லை.

"குழந்தை சாமையை உண்ண மறுக்கிறதே!" என்று தாய்மார் முறையிடுகின்றனர். உண்மைதான். அங்கன்வாடியில் அரிசி, பள்ளியில் அரிசி, விடுதியில் அரிசி என்று பழகிய நாவுக்குச் சாமை கரகரப்பாகத் தோன்றும். 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் விரிந்த சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டில் விரிவாக்கப்பட்ட காலை உணவும் ஏழைக் குழந்தைகளின் பசியைத் தீர்த்த பெருஞ்செயல்கள். மலைப் பள்ளிகளின் அடுப்பில் மலையில் விளைந்த தானியமும் வாரத்தில் ஓரிரு நாள் ஏறுமானால் நாவுப் பழக்கம் தானே மாறும். விற்பனைக்கும் அது வழியாகும். இதனை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லுவது சங்கங்களின் கடமை.

ஆனால் பள்ளியைவிட முந்தியது வீடு. குழந்தை சொல்லைக் கேட்டு உண்பதில்லை. பெற்றோர் வாயைப் பார்த்து உண்ணுகிறது. தாம் செம்மேட்டுக் கடையில் பரோட்டா உண்டுவிட்டு வந்து, பிள்ளையின் எதிரே அமர்ந்து களியின் பெருமையைச் சொல்லும் தகப்பனாரைப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும். அடித்து ஊட்டுவது வீண். அடியும் களியும் அதன் நினைவில் ஒன்றாகத் தங்கிவிடும். முதலில் அரிசியோடு மூன்றில் ஒரு பங்கு சாமை கலந்து பொங்கலாம்; தினை மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து கொடுக்கலாம். இவையெல்லாம் தாய்மார் அறியாதவை அல்ல. குத்திய அரிசி கையில் இருந்தால் அவர்களே செய்வார்கள்.

நெசவாளர் குடும்பத்து அங்கத்தினர்கள், இது மலைக்காரர் விஷயம் என்று ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். உரலுக்குப் பதில் அங்கே ராட்டை இருக்கிறது. ஒருவர் தறியில் அமர்ந்து நெய்யும் துணிக்குப் பின்னால், நூலைச் சிக்கெடுத்து, தார் சுற்றி, பாவுக்குக் கஞ்சி காய்ச்சித் தரும் இன்னொருவர் உண்டு. கூலிப் புத்தகத்தில் எழுதப்படும் பெயர் ஒன்றுதான். 2019-20-ஆம் ஆண்டின் நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் எண்ணப்பட்டனர். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். தறிமேடைக்கு அருகே தூளி கட்டி, காலால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே கையால் தார் சுற்றும் தாயை அறியாத நெசவாளர் இல்லை. அவ்வீட்டிலும் குழந்தைக்குப் பசி வந்த நேரத்தில் அருகில் இருப்பது பொட்டலமே. அதனைப் பிரித்துக் கொடுப்பது அன்பில்லாமையால் அன்று. அவள் எழுந்தால் தார் நிற்கும், தார் நின்றால் தறி நிற்கும் என்பதனால். அந்நேரத்தில் தறியிலிருந்து கணவர் எழுந்து குழந்தைக்கு ஒரு கிண்ணம் கூழ் ஊட்டலாமே என்று நாம் சொன்னால், "அரை முழம் குறையுமே" என்கிறார்கள். குறையட்டும்.

இனி, செய்ய வேண்டியது என்ன? உலக்கையைப் பொறியிடம் ஒப்படைக்க வேண்டும். இது நாம் கண்டுபிடித்த யோசனை அன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் பணியாற்றி, மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் சிறுதானிய அரவைப் பொறிகளை நிறுவ உதவியது. விதை வங்கிகளுக்கும் துணை நின்றது. பொறி அருகில் வந்த ஊர்களில் சாமை மறுபடி அடுப்பேற வழி பிறந்தது என்பதிலிருந்தே, குறை தாய்மாரிடம் இல்லை, உரலில்தான் இருந்தது என்பது விளங்கும். ஆனால் மலையில் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. மூட்டையைத் தலையில் சுமந்து நெடுந்தூரம் நடந்து, அன்றைக்கு மின்சாரம் இல்லை என்று கேட்டுத் திரும்புவதைவிட உரலே மேல் என்று ஒரு பெண் நினைத்தால் அவளைக் குறைகூற முடியாது. மேலும், பொறி வைத்திருப்பவர் மூன்று படி, நான்கு படி சாமைக்காகப் பொறியை ஓட்ட விரும்புவதில்லை. வீட்டுக்கோ அந்த அளவுதான் தேவை. அதிகம் குத்தினால் சிக்கு வாடை.

இதற்குக் கூட்டுறவு முறையில் ஒரு வழி உண்டு. அங்கத்தினர் தம் வீட்டுப் பங்கான 80 கிலோவைச் சங்கத்தின் பண்டகசாலையில் உமியோடு ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்ளட்டும். சங்கம் வாரந்தோறும் தேவையான அளவை ஒன்றாகச் சேர்த்துப் பொறியில் உமி நீக்கி வைக்கட்டும். வீட்டுப் பெண்கள் கடைக்கு அரிசி வாங்கப் போகும்போதே தம் சீட்டைக் காட்டி வாரத்துக்கு ஒரு கிலோ சாமையரிசியைப் பெற்று வரட்டும். அரவைக் கூலியைத் தானியமாகவே கழித்துக்கொள்ளலாம். தவிட்டையும் திருப்பித் தர வேண்டும். அது வீட்டுக் கோழிக்கும் மாட்டுக்கும் ஆகும், பெண்களின் சிறு வருவாய்க்கும் உதவும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: நகரத்தார் விரும்புகிறார்கள் என்று சாமையை வெள்ளை வெளேரென்று தீட்டும் பழக்கம் பரவி வருகிறது. தீட்டத் தீட்டச் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. வீட்டுப் பங்குக்கு உமி நீக்குவதோடு பொறி நிற்க வேண்டும். நிறம் சற்று மங்கலாக இருக்கும், அது குற்றமன்று.

பண்டகசாலைக்கு மூட்டையைச் சுமந்து செல்லுவது யார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆண்மக்கள். மரவள்ளி மூட்டையை லாரிக்குச் சுமக்கும் அதே தோள் சாமை மூட்டையையும் சுமக்கும்.

அந்தச் சீட்டு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது கடைசி விஷயம், சிறியதும் அன்று. குடும்பத்துக்கு ஓர் அங்கத்தினர், அவர் பெரும்பாலும் ஆண் என்ற நிலையில், சீட்டும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டால் நெருக்கடி வந்த மாதத்தில் வீட்டுப் பங்கும் விற்பனைக்குப் போய்விடும். ஆதலின் வீட்டுப் பங்குச் சீட்டை மனைவி பெயரிலேயே எழுத வேண்டும். அதற்காக அவரையும் தனி அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும். பங்குத் தொகையைச் சாமையாகவே கட்டலாம் என்று விதி செய்வதை நிர்வாகக் குழுவினர் ஆராய வேண்டும். அடுத்த மகாசபை அறுவடைக்கு முன் கூடுமானால் இவ்வாண்டு விளைச்சலிலிருந்தே தொடங்கிவிடலாம். அறுவடைக்குப் பின் கூடினால் வியாபாரிகளின் லாரி முந்திக்கொள்ளும்.